வானம் மூடிக் கிடக்கும்போது யூரியா போட்டால் பயிர் தேறுமா? ஒளிச்சேர்க்கையின் வேகத்தை முடிவு செய்வது எது? - எளிய விளக்கம்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுத்து, ஒரு வாரம் பத்து நாள் வெயிலே தலைகாட்டாமல் போனால் டெல்டா மாவட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "பயிர் சோர்ந்து நிக்குதே, இன்னொரு மூட்டை யூரியா போட்டு விடலாமா?"

சம்பா நட்டவர்களுக்கு இது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. போட்டது பலித்தால் லாபம். பலிக்காவிட்டால் உரச் செலவும் போச்சு, அதற்கு மேல் பூச்சி, நோய் என்று வேறு செலவும் வந்து சேரும்.

இதற்கான பதில் இலைக்குள்ளே இருக்கிறது. பள்ளியில் படித்து, பரீட்சை முடிந்ததும் நாம் மறந்துவிட்ட ஒளிச்சேர்க்கைதான் அது. இலை எப்படிச் சமைக்கிறது? எப்போது வேகமெடுக்கிறது? எப்போது படுத்துக்கொள்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?

செடி, வெளிச்சத்தைக் கொண்டு காற்றையும் தண்ணீரையும் சர்க்கரையாக மாற்றும் வேலைதான் ஒளிச்சேர்க்கை. கணக்காகச் சொன்னால் இப்படி:

6 கார்பன் டை ஆக்சைடு + 6 தண்ணீர் + வெளிச்சம் → 1 குளுக்கோஸ் + 6 ஆக்சிஜன்

நாம் சாப்பிடும் சோறு, மாடு மேயும் புல், அடுப்பில் எரியும் விறகு என எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்து வந்தவை. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனும் இதில் வெளியேறும் பொருள்தான். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் சுமார் பாதி, கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளில் நடக்கிறது.

செடி மண்ணைச் சாப்பிட்டு வளர்வதில்லையா?

பல நூற்றாண்டுகள் அப்படித்தான் நம்பினார்கள். இதைச் சோதித்தவர் இன்றைய பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட். தொட்டியில் சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணை எடைபோட்டுக் கொட்டி, அதில் இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் சுமார் 77 கிலோவாக வளர்ந்தது. மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை!

அவர் இறந்த பிறகு 1648-ல் இந்தச் சோதனை அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே உருவானது என்பது அவருடைய முடிவு. அது பாதிதான் சரி. காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த படிகளை மற்றவர்கள் ஏறினார்கள். 1771-ல் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றை ஒரு புதினாச் செடி மீண்டும் நல்ல காற்றாக மாற்றுவதைக் கண்டார். 1779-ல் யான் இங்கன்ஹவுஸ், வெளிச்சம் இருந்தால்தான் இது நடக்கும், அதுவும் பச்சையான பாகங்களில் மட்டும்தான் நடக்கும் என்று காட்டினார். செடி எடுத்துக்கொள்வது கார்பன் டை ஆக்சைடை என்பதும், அதன் எடையில் தண்ணீருக்கும் பங்கு உண்டு என்பதும் அடுத்த 25 ஆண்டுகளில் தெளிவானது.

இன்று நமக்குத் தெரிந்த கணக்கு இது: நன்றாகக் காய்ந்த ஒரு செடியின் எடையில் சுமார் 95 சதவீதம் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன். இவை வந்தது காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும். மண்ணும் உரமும் தருவது மிச்சமுள்ள கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் இல்லாவிட்டால் மற்றது எதுவும் நடக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இலைக்குள் என்னதான் நடக்கிறது?

இலையின் செல்களுக்குள் பசுங்கணிகம் என்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. சமையல்கூடம் அதுதான். அங்கே வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம்: ஒளிவினை. பசுங்கணிகத்தில் உள்ள பச்சையம் வெளிச்சத்தைப் பிடிக்கிறது. நீலத்தையும் சிவப்பையும் நன்றாக உறிஞ்சுகிறது, பச்சையை அந்த அளவுக்கு உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகிறது. இலை பச்சையாகத் தெரிவது அதனால்தான். பிடித்த ஆற்றலைக் கொண்டு தண்ணீர் மூலக்கூறு உடைக்கப்படுகிறது. அதிலிருந்து ஆக்சிஜன் வெளியேறுகிறது. கூடவே ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற இரண்டு பொருட்கள் தயாராகின்றன. இவற்றை சார்ஜ் ஏற்றிய பேட்டரி மாதிரி நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் கட்டம்: கால்வின் சுழற்சி. இலையின் அடியிலும் மேலும் உள்ள இலைத்துளைகள் வழியாக கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருகிறது. அதை ரூபிஸ்கோ என்ற நொதி பிடித்து, ஏற்கனவே இருக்கும் ஒரு கார்பன் சேர்மத்தோடு ஒட்டுகிறது. முதல் கட்டத்தில் ஏற்றிய பேட்டரிகள் இங்கே செலவாகி, கடைசியில் சர்க்கரை உருவாகிறது. இந்தப் பாதையைக் கண்டறிந்ததற்காக அமெரிக்காவின் மெல்வின் கால்வினுக்கு 1961-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாம் கட்டத்தை இருள்வினை என்றும் பாடப்புத்தகங்கள் சொல்லும். அது ராத்திரியில் நடக்கும் என்று அர்த்தமில்லை. அந்த வேலைக்கு நேரடியாக வெளிச்சம் தேவையில்லை, அவ்வளவுதான். பேட்டரி தீர்ந்தால் அதுவும் நின்றுவிடும் என்பதால், பெரும்பாலான செடிகளில் இரண்டுமே பகலில்தான் நடக்கின்றன.

அப்படியானால் வேகத்தைத் தடுப்பது எது?

இங்கதான் விஷயமே இருக்கு. 1905-ல் பிரிட்டன் தாவரவியலாளர் எஃப்.எஃப். பிளாக்மேன் ஒரு விதியை முன்வைத்தார். ஒரு வேலைக்குப் பல பொருட்கள் தேவைப்படும்போது, எது மிகவும் குறைவாக இருக்கிறதோ அதுதான் மொத்த வேகத்தையும் முடிவு செய்யும். மற்றவற்றை எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை. இதற்குப் பெயர் கட்டுப்படுத்தும் காரணி.

ஒரு பரோட்டா கடையை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு மூட்டை மூட்டையாக இருக்கிறது. வீசுவதற்கு மூன்று மாஸ்டர்கள். ஆனால் கல் ஒன்றே ஒன்று. இப்போது நான்காவது மாஸ்டரை வேலைக்கு எடுத்தால் பரோட்டா வேகமாக வருமா? வராது. இன்னொரு கல் போட்டால்தான் வரும். இரண்டாவது கல் போட்ட பிறகு கேஸ் பற்றாமல் போகலாம். அப்போது தடை கேஸுக்கு மாறிவிடும்.

இலையும் அப்படித்தான். வெளிச்சம், கார்பன் டை ஆக்சைடு, வெப்பநிலை, தண்ணீர், சத்துகள் என ஐந்தும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். எந்த நேரத்தில் எது குறைவோ, அந்த நேரத்தில் அதுதான் எஜமான். உண்மையில் இரண்டு மூன்று காரணிகள் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சம் பிடித்து இழுப்பதும் உண்டு. ஆனால் வயலில் முடிவெடுக்க பிளாக்மேனின் கேள்வியே போதும்: "இப்போது எது குறைவு?"

1. வெளிச்சம்: எவ்வளவு இருந்தாலும் போதாதா?

ஒரு இலைக்குப் படிப்படியாக வெளிச்சத்தைக் கூட்டினால், முதலில் ஒளிச்சேர்க்கையும் அதே அளவில் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் கூடாது. தனியாக ஒரு நெல் இலையை மட்டும் பார்த்தால், உச்சி வெயிலில் பாதி அல்லது அதற்குச் சற்று மேல் கிடைத்தாலே அது நிறைந்துவிடும். அதற்கு மேல் வரும் வெளிச்சத்தை இலை வெப்பமாக வெளியே தள்ளுகிறது.

"பாதி வெயில் போதும்னா, மேகம் வந்தா என்ன?" என்று கேட்கலாம். வயலில் நிற்பது ஒரு இலை இல்லையே! மேல் இலையின் நிழலில் அடுத்த இலை, அதன் நிழலில் இன்னொன்று. நல்ல வெயிலிலும் கீழ் இலைகள் அரைப் பட்டினிதான். அடர்ந்த மழைமேகம் மூடினால் வெயிலில் ஐந்தில் ஒரு பங்குகூட வயலுக்கு வராது. அப்போது மேல் இலைக்கே பற்றாக்குறை. கீழ் இலைகளோ தாங்கள் தயாரிப்பதைவிட, சுவாசத்துக்குச் செலவு செய்வது அதிகம் என்ற நிலைக்குப் போய்விடும்.

நெல்லில் இது எப்போது ரொம்பவும் அடிக்கும்? கதிர் உருவாகத் தொடங்குவதிலிருந்து பூத்து, பால் பிடித்து, மணி முற்றும் வரையிலான காலத்தில். அப்போது வெயில் குறைந்தால் மணிகளின் எண்ணிக்கை குறையும், பதர் கூடும். தண்ணீர் வசதி இருக்கும் இடங்களில் மழைக்காலப் போகத்தைவிட கோடைப் போகத்தில் நெல் விளைச்சல் பொதுவாகக் கூடுதலாக இருப்பதற்கு வெயிலே முக்கியக் காரணம்.

1966-ல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐஆர்8 ரகத்தின் வெற்றியிலும் வெளிச்சத்துக்குப் பங்கு உண்டு. அதன் இலைகள் தொங்காமல் நிமிர்ந்து நின்றதால், வெயில் கீழ் இலைகள் வரை இறங்கியது. குட்டையான பயிர் என்பதால் உரம் போட்டாலும் சாயவில்லை.

2. கார்பன் டை ஆக்சைடு: காற்றில் இருப்பதே கொஞ்சம்

காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். கார்பன் டை ஆக்சைடோ சுமார் 0.04 சதவீதம்தான். நல்ல வெயில், தண்ணீர், சத்து எல்லாம் இருக்கும் நாளில் நெல் இலையை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் இதுதான்.

இதில் ரூபிஸ்கோவின் குறையும் சேர்ந்துகொள்கிறது. அது மிகவும் மெதுவான நொதி. ஒரு விநாடிக்குச் சில கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளை மட்டுமே கையாளும். அதை ஈடுகட்ட, இலை இந்த நொதியைக் குவித்து வைக்கிறது. உலகிலேயே அதிக அளவில் இருக்கும் புரதம் இதுதான் என்று சொல்லப்படுகிறது.

இன்னொரு கோளாறு: அது ஆளை மாற்றிப் பிடித்துவிடும். கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்து ஒட்டிவிட்டால், அந்தத் தவறைச் சரிசெய்ய செடி ஆற்றலையும் செலவழித்து, ஏற்கனவே சேர்த்த கார்பனையும் இழக்க வேண்டும். இதற்கு ஒளிச்சுவாசம் என்று பெயர். நெல், கோதுமை போன்ற பயிர்களில் கிடைக்க வேண்டியதில் சுமார் நாலில் ஒரு பங்கு இதில் கரைந்துபோகும்.

நெதர்லாந்து போன்ற நாடுகளின் கண்ணாடிக் குடில்களில் தக்காளி, குடைமிளகாய்க்கு கார்பன் டை ஆக்சைடைச் செயற்கையாகக் கூட்டுகிறார்கள். வெளிக்காற்றில் இருப்பதுபோல இரண்டு மடங்குக்கு மேல் வைப்பதும் உண்டு. திறந்த வயலில் இது முடியாது.

3. வெப்பநிலை: அளவு மீறினால் நஷ்டம்

நொதிகளுக்குக் குளிரும் ஆகாது, கொதிப்பும் ஆகாது. நெல் போன்ற பயிர்களுக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரம் வசதியானது. அதற்கு மேல் போகப் போக ரூபிஸ்கோ ஆக்சிஜனைத் தவறாகப் பிடிப்பது கூடுகிறது. 35 டிகிரியைத் தாண்டினால் ரூபிஸ்கோவை வேலைக்குத் தயார்படுத்தும் துணை நொதியும் தளர்ந்துவிடும்.

ராத்திரி வெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. இரவில் செடி சுவாசிக்க மட்டும் செய்கிறது. வெப்பம் கூடினால் அந்தச் செலவும் கூடும். பகலில் சம்பாதித்ததை ராத்திரியில் செலவழிப்பது மாதிரி. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களை வைத்து 2004-ல் வெளியான ஆய்வு, கோடைப் போகத்தில் இரவு வெப்பநிலை 1 டிகிரி கூடும்போது நெல் விளைச்சல் 10 சதவீதம் குறைவதைக் காட்டியது. இரவுச் சுவாசம் அதற்கான காரணங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

4. தண்ணீர்: கதவைத் திறப்பதா, மூடுவதா?

ஒளிச்சேர்க்கையில் உடையும் தண்ணீர் மிகக் குறைவு. வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கு மேல் இலை வழியாக ஆவியாகத்தான் போகிறது. பிறகு தண்ணீர் குறைந்தால் ஏன் ஒளிச்சேர்க்கை படுக்கிறது?

இலைத்துளைதான் காரணம். கார்பன் டை ஆக்சைடு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் ஒரே கதவு வழியாக. தண்ணீர் தட்டுப்பட்டால் செடி கதவைச் சாத்திக்கொள்கிறது. தண்ணீர் மிஞ்சும், ஆனால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வராது. எனவே வறட்சியில் செடிக்கு வருவது தாகம் மட்டுமல்ல, பசியும்தான்.

5. சத்து: தழைச்சத்து செய்யும் வேலை

பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். ரூபிஸ்கோ ஒரு புரதம் என்பதால் அதற்கும் நைட்ரஜன் வேண்டும். விவசாயிகள் தழைச்சத்து என்று சொல்வது இந்த நைட்ரஜனைத்தான். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. தழைச்சத்து குறைந்தால் முதலில் அடி இலைகள் மஞ்சளாகும். இருப்பதைச் செடி அங்கிருந்து எடுத்து இளம் இலைக்கு அனுப்பிவிடும்.

யூரியா என்பது செடிக்கு உணவு இல்லை. சமையல்கூடத்தைக் கட்டத் தேவையான பொருள். முன்னால் நினைவில் வைக்கச் சொன்ன அந்தக் கொஞ்சம் இதுதான்.

ஒரே நாளில் எஜமான் மாறுவது எப்படி?

தெளிவான ஒரு கோடை நாளை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குத் தண்ணீர் இருக்கிறது, காற்று இருக்கிறது, வெளிச்சம் மட்டும் குறைவு. அப்போது தடை வெளிச்சம். 9, 10 மணிக்கு வெளிச்சம் நிறைந்துவிடும், தடை கார்பன் டை ஆக்சைடு. உச்சிவேளையில் வெப்பம் ஏறி, காற்று காய்ந்து, இலைத்துளைகள் பாதி மூடிக்கொள்ளும். வெயில் உச்சத்தில் இருக்கும்போதே ஒளிச்சேர்க்கை மந்தமாகும். மாலையில் மீண்டும் வெளிச்சம் தடையாகிவிடும்.

ஆக, "பயிருக்கு எது முக்கியம்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. நேரத்தையும் காலத்தையும் பொறுத்து பதில் மாறும்.

கரும்பும் சோளமும் மட்டும் எப்படி வெயிலில் வெளுத்து வாங்குகின்றன?

கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, வரப்போர அருகம்புல் எல்லாம் வேறு ரகம். இவை சி4 தாவரங்கள். நெல், கோதுமை, பருத்தி, நிலக்கடலை, பயறு வகைகள் சி3 தாவரங்கள்.

சி4 தாவரங்கள் கார்பன் டை ஆக்சைடை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குள் பம்ப் செய்து அடைக்கின்றன. ரூபிஸ்கோ அங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் கார்பன் டை ஆக்சைடு குவிந்திருப்பதால் ஆக்சிஜனை மாற்றிப் பிடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 1960களில் கரும்பை ஆராய்ந்தபோது ஹவாயில் முதல் தடயம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் இருவரும் முழுப் பாதையையும் விளக்கினார்கள்.

இதனால் இவை கடும் வெயிலிலும் 30 டிகிரிக்கு மேலும் சளைக்காமல் உழைக்கும். ஒரு கிலோ பயிர் எடைக்குச் செலவாகும் தண்ணீரும் சி3 பயிர்களைவிடக் குறைவு. மானாவாரி நிலத்தில் கம்பும் சோளமும் தாக்குப்பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கரும்புக்குத் தண்ணீர் அதிகம் வேண்டுமே என்கிறீர்களா? அது 10 முதல் 12 மாதங்கள் வயலில் நின்று, பெரும் எடைக்கு வளரும் பயிர். மொத்தக் கணக்கு அதனால்தான் கூடுகிறது.

இந்த பம்ப் சும்மா ஓடாது. கூடுதல் ஏடிபி செலவாகும். அதனால் நிழலிலும் குளிரிலும் சி4-க்குச் சாதகம் இல்லை.

சரி, மூட்டத்தில் யூரியா போடலாமா?

இப்போது பதில் சொல்வது எளிது. வானம் மூடியிருக்கும்போது தடை வெளிச்சம். அந்த நேரத்தில் யூரியா போடுவது, ஒரே கல் இருக்கும் கடையில் நான்காவது மாஸ்டரை எடுப்பதுபோல.

வீண் செலவோடு இது நிற்காது. உள்ளே போன நைட்ரஜனைப் புரதமாக மாற்றத் தேவையான சர்க்கரை இலையில் இருக்காது. பயிர் கரும்பச்சையாக, மென்மையாக, அடர்த்தியாகும். ஏற்கனவே ஈரம், அதோடு இது வேறா! குலைநோய், பாக்டீரியா இலைக்கருகல், இலைச்சுருட்டுப் புழு, புகையான் எல்லாவற்றுக்கும் இது விருந்து. தண்டு வலுவிழந்து பயிர் சாயும் ஆபத்தும் உண்டு. தண்ணீர் வழிந்தோடும் வயலில் போட்டால் யூரியாவில் ஒரு பகுதி அப்படியே அடித்துக்கொண்டு போகும்.

அதற்காக யூரியாவே கூடாது என்று அர்த்தமில்லை. உண்மையிலேயே தழைச்சத்து குறைந்திருந்தால் போடத்தான் வேண்டும். தெரிந்துகொள்வது எப்படி? இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை வரிசையாக நிறப்பட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் அட்டை. முழுதாக விரிந்த மேல் இலையை அதில் வைத்து, நேரடி வெயில் படாமல் உங்கள் நிழலில் பிடித்து ஒப்பிட வேண்டும். வயலில் பத்து இடங்களில் பார்த்து, உங்கள் ரகத்துக்குச் சொல்லப்பட்ட எண்ணைவிடப் பெரும்பாலான இலைகள் வெளுத்திருந்தால் மட்டும் யூரியா. அதுவும் தேங்கிய தண்ணீரை வடித்து, வானம் வெளுத்த பிறகு, பகுதி பகுதியாக. உங்கள் ரகத்துக்கான எண்ணையும் அளவையும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுகிறதே, பயிருக்கு நல்லதுதானே?

தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280 பிபிஎம் இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது. நெல் போன்ற சி3 பயிர்களுக்கு இதனால் விளைச்சல் ஓரளவு கூடும் என்பதை ஜப்பானிலும் சீனாவிலும் திறந்த வயல் சோதனைகள் காட்டியுள்ளன.

ஆனால் பிளாக்மேன் விதி இங்கேயும் குறுக்கே வரும். ஒரு தடை விலகினால் அடுத்த தடை முன்னால் வந்து நிற்கும். தழைச்சத்தோ தண்ணீரோ பற்றாத வயலில் அந்தக் கூடுதல் பலன் சுருங்கிவிடும். அதே கார்பன் டை ஆக்சைடு வெப்பநிலையையும் ஏற்றுகிறது. போதாததற்கு, கார்பன் டை ஆக்சைடு கூடிய சூழலில் விளைந்த அரிசி, கோதுமையில் புரதம், இரும்பு, துத்தநாகம் குறைவதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. அரிசியே முக்கிய உணவாக இருக்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அரசமரம் 24 மணி நேரமும் ஆக்சிஜன் தருமா?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் தகவல் இது. ஆக்சிஜன் வருவது ஒளிவினையில் தண்ணீர் உடையும்போது. வெளிச்சம் இல்லாமல் அது நடக்காது. எனவே அரசமரமோ துளசியோ கற்றாழையோ, எந்தச் செடியும் இருட்டில் ஆக்சிஜன் தராது.

குழப்பம் எங்கிருந்து வந்திருக்கலாம்? கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, அன்னாசி போன்றவை தண்ணீரை மிச்சம் பிடிக்க ராத்திரியில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்து அமிலமாகச் சேமித்துக்கொள்கின்றன. பகலில் கதவைச் சாத்திவிட்டு அதை வைத்துச் சமைக்கின்றன. ராத்திரியில் நடப்பது சேமிப்பு மட்டும்தான்.

அதேபோல, படுக்கையறையில் இரண்டு தொட்டிச் செடி இருந்தால் மூச்சுமுட்டும் என்பதும் தேவையில்லாத பயம். அவை ராத்திரியில் விடும் கார்பன் டை ஆக்சைடைவிட பக்கத்தில் தூங்கும் ஒரு ஆள் விடுவது பல மடங்கு அதிகம்.

இந்தத் தடைகளை உடைக்க முடியுமா?

முயற்சி நடக்கிறது. வயலில் விழும் சூரிய ஆற்றலில் பயிராக மாறக்கூடிய உச்ச அளவு, கணக்குப்படி சி3 பயிர்களுக்கு 4.6 சதவீதம், சி4 பயிர்களுக்கு 6 சதவீதம். நிஜ வயல்கள் இதற்கு வெகு கீழே நிற்கின்றன. அந்த இடைவெளியில்தான் நம்பிக்கை இருக்கிறது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வயல்களில் மரபணு மாற்றிய புகையிலையில் இரண்டு சோதனைகள் நடந்தன. வெயிலிலிருந்து நிழலுக்கு மாறும்போது இலை சீக்கிரம் சுதாரித்துக்கொள்ளும்படி செய்ததில் 14 முதல் 20 சதவீதம் வரை வளர்ச்சி கூடியதாக 2016-ல் அறிவித்தார்கள். ஒளிச்சுவாச இழப்புக்குக் குறுக்குவழி அமைத்ததில் சுமார் 40 சதவீதம் கூடியதாக 2019-ல் அறிவித்தார்கள். நெல்லையே சி4 பயிராக மாற்றும் பன்னாட்டுத் திட்டமும் 15 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. இலையின் உள்ளமைப்பையே மாற்ற வேண்டிய வேலை என்பதால் அது இன்னும் விவசாயி கைக்கு வரவில்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாமா?

பள்ளிக் குழந்தைகள் இருந்தால் முயன்று பாருங்கள். மீன் தொட்டிக் கடையில் ஹைட்ரில்லா, அதாவது வேலம்பாசி கிடைக்கும். ஒளிச்சேர்க்கையை ஆராய ஜகதீஷ் சந்திரபோஸ் பயன்படுத்தியதும் இதே செடியைத்தான்.

- ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு தண்டை, வெட்டிய முனை மேலே இருக்கும்படி போடுங்கள்.
- எல்இடி விளக்கைப் பக்கத்தில் வைத்து, வெட்டிய முனையிலிருந்து ஒரு நிமிடத்தில் எத்தனை குமிழ் வருகிறது என்று எண்ணுங்கள்.
- விளக்கைத் தள்ளி வையுங்கள். குமிழ் குறையும். இப்போது தடை வெளிச்சம்.
- மீண்டும் பக்கத்தில் கொண்டுவந்து, தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். அது கார்பன் டை ஆக்சைடு தரும். குமிழ் கூடினால், அதுவரை தடையாக இருந்தது எது என்று குழந்தையே சொல்லிவிடும்.
- விளக்கை அணைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோடா போட்டுப் பாருங்கள். குமிழ் வராது.

மூட்டம் போட்ட வயலில் யூரியா கொட்டுவதும், விளக்கை அணைத்துவிட்டுச் சோடா போடுவதும் ஒன்றுதான். உரக்கடைக்குக் கிளம்பும் முன் ஒரு நிமிடம் வானத்தைப் பாருங்கள், வயலில் தண்ணீரைப் பாருங்கள், இலை நிறத்தைப் பாருங்கள். குறைவது எதுவோ, அதைச் சரிசெய்தால் போதும்.